தடுமன் நோயின் காரணமும் தடுப்பும்: சாலிஸ்பரி ஆய்வு நிலையத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1946–1990)

ஆய்வுச்சுருக்கம்

குளிர்காலந்தோறும் திரும்பத் திரும்ப வரும் தடுமன் நோய்க்குக் குளிர் காரணமா, தொற்று காரணமா என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். இவ்வினாவுக்கு விடை காணும் நோக்கில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகில் 1946 முதல் 1990 வரை இயங்கிய தடுமன் ஆய்வு நிலையம், மனிதத் தன்னார்வலர்களைக் கொண்டே தன் சோதனைகளை நடத்தியது. நோயைத் தீர்க்கும் மருந்தைக் கண்டறியாமலேயே அது மூடப்பட்டது. எனினும் தடுமன் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதை விளக்கும் முதன்மைச் சான்றுகள் பல அங்கிருந்தே கிடைத்தன. அந்நிலையத்தின் குளிரூட்டல் சோதனைகள் எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தடுமன், ரைனோவைரஸ், கொரோனாவைரஸ், சாலிஸ்பரி, குளிரூட்டல் சோதனை, பருவகாலத் தொற்று, நோய்த்தடுப்பு.

முன்னுரை

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரில் அந்நோயின் காரணம் குறித்த ஒரு கருத்தும் பொதிந்திருப்பதுண்டு. தமிழில் வழங்கும் நீர்க்கோவை, ஜலதோஷம் ஆகிய பெயர்கள் உடலில் நீர் கோத்துக்கொள்வதாலும் நீரின் குற்றத்தாலும் இந்நோய் விளைவதாகக் கருதின. ஆங்கிலத்திலோ குளிரைக் குறிக்கும் சொல்லே நோய்க்கும் பெயராக நிலைத்துவிட்டது. இரு மொழிகளிலும் நோயின் பிறப்பிடம் தட்பமும் ஈரமும் என்றே கொள்ளப்பட்டது. பனியில் நடமாடாதே, ஈரத் தலையோடு இராதே என்னும் வீட்டு அறிவுரைகள் இக்கருத்தின் வழிவந்தவையே.

இதற்கு மாறான கருத்தும் பழமையானதே. பெஞ்சமின் பிராங்க்ளின் 1773இல் மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷுக்கு எழுதிய கடிதத்தில், மனிதர்கள் அடைத்த அறைகளிலும் வண்டிகளிலும் நெருங்கி அமர்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் உள்வாங்குவதாலேயே தடுமன் பற்றுகிறது என்று கருத்துரைத்தார். ஆனால் அக்காலத்தில் அதனை மெய்ப்பிக்க வழியில்லை. நுண்ணுயிர்க் கொள்கை வேரூன்றிய பின்னரும் குளிரின் பங்கு முற்றிலும் மறுக்கப்படவில்லை. கோழிகள் இயல்பாக ஆந்த்ராக்ஸ் நோய்க்கு ஆளாவதில்லை; அவற்றைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி உடல் வெப்பத்தைக் குறைத்தால் அவை நோயுற்று இறக்கின்றன என்பதை லூயி பாஸ்டர் 1878இல் காட்டினார். கிருமி இருந்தாலும் நோய் தோன்றுவதற்கு உடலின் நிலையும் ஒரு காரணமாகலாம் என்பதே அச்சோதனை உணர்த்திய செய்தி. தடுமன் ஆய்வின் வரலாறு முழுவதும் இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலான வழக்காகவே அமைந்தது.

தொற்று என்னும் முடிவு

தடுமன் பாக்டீரியாவைக் காட்டிலும் நுண்ணிய ஒரு காரணியால் விளைகிறது என்பதற்கான முதற்சான்றை 1914இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய வால்டர் குரூசே அளித்தார். தடுமனுற்ற தம் உதவியாளரின் மூக்குச் சுரப்பை நீர்த்துப்போகச் செய்து, பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அவ்வடிநீரை 12 பேரின் மூக்கில் இட்டார். அவர்களுள் நால்வருக்குத் தடுமன் கண்டது. மற்றொரு சோதனையில் 36 பேருள் 15 பேர் நோயுற்றனர். 1930இல் நியூயார்க்கில் அல்போன்ஸ் டோஷே, இத்தகைய வடிநீரால் சிம்பன்சிகளுக்கும் தடுமனை உண்டாக்கிக் காட்டினார்.

தனித்துவிடப்பட்ட சிற்றூர்கள் இன்னொரு வகைச் சான்றை வழங்கின. வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் சுரங்கக் குடியிருப்பான லாங்யியர் நகரில் 1930–31ஆம் ஆண்டுகளில் பாலும் ஃபிரீஸும் நோய்ப்பதிவுகளை மேற்கொண்டனர். கடல் உறைந்து கப்பல் வாராத கடுங்குளிர் மாதங்களில் அங்கே தடுமன் அரிதாகவே இருந்தது. கோடையின் தொடக்கத்தில் முதற்கப்பல் வந்தவுடன் அது ஊரெங்கும் பரவியது. தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் ட குன்யா தீவிலும் கப்பல் வருகையை ஒட்டியே தடுமன் பரவுவது அறியப்பட்டது. கடுங்குளிர் மட்டுமே நோய்க்குப் போதுமானதன்று என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சாலிஸ்பரி நிலையத்தின் தோற்றம்

1933இல் லண்டனில் இன்ஃப்ளுவென்சா வைரஸைக் கண்டறிந்த மூவருள் ஒருவர் கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ். மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரட் என்னும் விலங்குக்கு அந்நோய் பற்றியதே அக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. தடுமனுக்கும் அவ்வாறு ஒரு சோதனை விலங்கு கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். முயல், அணில், முள்ளெலி, குரங்கு எனப் பலவற்றில் முயன்றும் பயனில்லை. சிம்பன்சிகளோ விலை மிகுந்தவை, கையாளுதற்கும் அரியவை. எஞ்சியது மனித உடல் ஒன்றே.

போர்க்காலத் தொற்றுநோய்களை எதிர்கொள்ளும் பொருட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து 1941இல் சாலிஸ்பரி நகருக்கு வெளியே ஒரு மருத்துவமனையை அமைத்திருந்தன. ஆயத்தக் கட்டடப் பகுதிகள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு அங்கே பொருத்தப்பட்டன. போருக்குப் பின் பிரித்தானிய அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அவ்விடத்தில், மருத்துவ ஆய்வுக் கழகத்தின் சார்பில் 1946இல் ஆண்ட்ரூஸின் தலைமையில் தடுமன் ஆய்வு நிலையம் தொடங்கியது.

தன்னார்வலர்கள் ஏறத்தாழப் பத்து நாள்கள் தங்கினர். இருவர் அல்லது மூவராகத் தனித்தனிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். உணவு வாயிலில் வைக்கப்பட்டது. வெளியே உலாவலாம், ஆயின் பிறரிடமிருந்து 30 அடி விலகியிருத்தல் வேண்டும். முதல் சில நாள்கள் அவர்கள் ஏற்கெனவே நோயைக் கொண்டுவரவில்லை என்பதை உறுதிசெய்யும் காத்திருப்புக் காலம். அதன்பின் மூக்கில் சில துளிகள் இடப்படும். அது வைரஸ் கலந்ததா, வெறும் நீர்மமா என்பதைத் தன்னார்வலரும் அறியார். அறிகுறிகளைக் குறிக்கும் மருத்துவரும் அறியார். பயன்படுத்திய கைக்குட்டைகள் எண்ணப்பட்டன. உறைவிடமும் உணவும் சிறு கைச்செலவுத் தொகையும் வழங்கப்பட்டமையால், மாணவர்களும் எளிய வருவாயினரும் இதனைச் செலவில்லாத விடுமுறையாகக் கருதி வந்தனர். 44 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் பங்கேற்றனர்.

குளிரூட்டல் சோதனைகளும் அவற்றின் வரம்பும்

நிலையத்தின் தொடக்கக்காலச் சோதனைகளுள் பெரிதும் பேசப்பட்டது குளிரின் பங்கை ஆராய்ந்ததாகும். ஆறுபேர் கொண்ட மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. முதற்குழுவினருக்கு வைரஸ் மட்டும் இடப்பட்டது. இரண்டாம் குழுவினர் வெந்நீரில் குளித்து, துவட்டாமல், காற்று வீசும் நடைவழியில் நின்று, பின்னர் ஈரக் காலுறைகளுடன் பல மணிநேரம் இருந்தனர். மூன்றாம் குழுவினர் இரண்டுக்கும் ஆட்பட்டனர். குளிர் மட்டும் பட்டவருள் எவருக்கும் தடுமன் வரவில்லை. வைரஸ் மட்டும் பெற்றவருள் இருவரும், இரண்டும் பெற்றவருள் நால்வரும் நோயுற்றனர். குளிர் நோயை மிகுவிக்கிறது என்னும் முடிவு கைக்கெட்டியதாகத் தோன்றியது. ஆயினும் சோதனையை மீண்டும் செய்தபோது விளைவு தலைகீழாயிற்று. மூன்றாம் முறையும் குளிரால் வேறுபாடு காணப்படவில்லை. 1968இல் டெக்சாஸ் சிறைக்கைதிகளான தன்னார்வலர்களைக் கொண்டு டக்ளஸ் குழுவினர் நடத்திய ஆய்வும் குளிரூட்டலால் நோய் மிகவில்லை என்றே முடித்தது. சிறையிலிருப்போரின் இசைவு எந்த அளவுக்குத் தன்விருப்பமானது என்னும் வினா பின்னாளில் எழுந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

இவற்றின் அடிப்படையில், குளிருக்கும் தடுமனுக்கும் தொடர்பே இல்லை என்னும் கூற்று மருத்துவப் பாடநூல்களிலும் பொதுமக்களுக்கான நூல்களிலும் இடம்பெற்றது. ஆனால் சான்றுகள் அவ்வளவு தூரம் செல்ல இடந்தருவனவல்ல. முதலாவது, ஆறுபேர் கொண்ட குழுக்களில் இருவர், நால்வர் என்னும் வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். அதுபோலவே உண்மையான வேறுபாடு ஒன்று இருப்பினும் அது புலப்படாமற் போகலாம். ஆண்ட்ரூஸ் சோதனையை மீண்டும் செய்து பார்த்து, முதல் முடிவைக் கைவிட்டது ஆய்வு நேர்மைக்குச் சான்று. ஆனால் அந்த மறுசோதனையும் அதே அளவு சிறியது.

இரண்டாவது குறை மேலும் அடிப்படையானது. காத்திருப்புக் காலத்தின் நோக்கமே நோய்க்கிருமியைச் சுமப்போரை விலக்குவதாகும். நாள்தோறும் மக்களிடையே வாழும் ஒருவர் அறிகுறி ஏதுமின்றி மூக்கில் வைரஸைக் கொண்டிருக்கலாம். அந்நிலையில் குளிர் பட்டால் என்ன நிகழும் என்பதைச் சாலிஸ்பரியின் ஒழுங்கமைவு கேட்கவே இயலாது. 2005இல் கார்டிஃப் நகரில் ஜான்சனும் எக்கில்ஸும் இவ்வினாவையே எழுப்பினர். பொதுநோய்ப் பருவத்தில் 180 பேரைத் தேர்ந்து, 90 பேரின் கால்களைக் குளிர்நீரில் 20 நிமிடம் வைத்திருக்கச் செய்தனர். அடுத்த நான்கைந்து நாள்களில் அவர்களுள் 13 பேரும், குளிரூட்டப்படாத 90 பேருள் 5 பேரும் தடுமன் கண்டதாகக் கூறினர். இவ்வாய்வில் வைரஸ் உள்ளதா எனச் சோதிக்கப்படவில்லை; தன் கால் குளிர்நீரில் இருந்ததை அறிந்தவரே அறிகுறியையும் கூறினார். ஆகவே இதுவும் இறுதித் தீர்ப்பன்று. எனினும் இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள் என்பதே பொருத்தம். கிருமியின்றிக் குளிர் நோயைத் தராது என்பதைச் சாலிஸ்பரி உறுதிசெய்தது. கிருமியுள்ளபோது குளிர் நோயை வெளிப்படுத்துமா என்பது அங்கே விடைபெறவில்லை.

ஆய்வுக்கூடத்தில் வைரஸ் வளர்ப்பு

1957இல் நிலையத்தில் சேர்ந்த டேவிட் டிரெல், வைரஸை மனித உடலுக்கு வெளியே வளர்ப்பதில் வெற்றி கண்டார். அதுவரை திசு வளர்ப்பு மனித உடலின் வெப்பநிலையான 37 பாகை செல்சியசில் நடைபெற்றது. மூக்கின் உட்புறம் அதனினும் குளிர்ந்தது என்பதைக் கருதி, 33 பாகை வெப்பத்தில், சற்றே அமிலத்தன்மை மிகுந்த ஊடகத்தில், குழாய்களைச் சுழற்றியவாறு வளர்த்தபோது வைரஸ்கள் பெருகின. 1960இல் இம்முறை வெளியிடப்பட்டது. மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக ரைனோவைரஸ் எனப் பெயர்பெற்ற இக்குழுவின் வகைகள் விரைவில் பத்துகளாகவும் பின் நூறாகவும் எண்ணிக்கையில் பெருகின. இன்று 160க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

33 பாகையில் வைரஸ் ஏன் நன்கு வளர்கிறது என்பதற்கான ஒரு விளக்கம் 2015இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எலியின் சுவாசப்பாதை உயிரணுக்களில் வெப்பம் குறைந்தபோது வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் எதிர்வினையும் குன்றுவதை ஃபாக்ஸ்மன், இவாசாகி குழுவினர் கண்டனர். பாஸ்டரின் கோழிகள் எழுப்பிய வினா 137 ஆண்டுகளுக்குப் பின் உயிரணு நிலையில் மீண்டும் எழுப்பப்பட்டது எனலாம்.

திசு வளர்ப்பிலும் வளராத மாதிரிகள் சில எஞ்சின. அவற்றுள் பி814 என எண்ணிடப்பட்டது, ஒரு பள்ளி மாணவனின் மூக்குக் கழுவுநீர். மூச்சுக்குழாயின் சிறு துண்டுகளை உயிரோடு வைத்து வைரஸை வளர்க்கும் முறையை ஸ்வீடனின் பெர்டில் ஹூர்ன் வழியாக அறிந்து, டிரெலும் பைனோவும் 1965இல் இதனை வளர்த்தனர். இதன் உருவத்தை மின்னணு நுண்ணோக்கியில் காட்டியவர் ஜூன் அல்மெய்டா. உறையைச் சூழ்ந்த முனைகள் ஒளிவட்டம்போல் தோன்றியமையால், 1968இல் இக்குழுவுக்குக் கொரோனாவைரஸ் என்னும் பெயர் முன்மொழியப்பட்டது. மெல்லிய தடுமனை மட்டும் உண்டாக்கும் சிறு குழு என்றே அது மூன்று தசாப்தங்களுக்கு மேல் கருதப்பட்டது.

நோய் மீண்டும் வருவதன் காரணம்

தடுமன் ஒரு நோயன்று. பல வைரஸ்கள் உண்டாக்கும் ஒத்த அறிகுறிகளின் தொகுதி. ரைனோவைரஸின் ஒரு வகைக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பாற்றல் மற்றொரு வகையிடமிருந்து போதிய காப்பளிப்பதில்லை. ஆண்டுக்குச் சிலமுறை தடுமன் கண்டாலும் வாழ்நாளில் எல்லா வகைகளையும் எதிர்கொண்டு முடித்தல் அரிது. தடுப்பூசி அமையாமைக்கும் இதுவே தலைமைக் காரணம்.

கொரோனாவைரஸில் மற்றொரு காரணம் வெளிப்பட்டது. 229இ என்னும் வகையைக் கொண்டு நிலையத்தின் இறுதிக் காலத்தில் நடந்த, 1990இல் வெளியான ஆய்வில், 15 பேருக்கு வைரஸ் இடப்பட்டு 10 பேர் தொற்றுக்குள்ளாயினர். ஓராண்டுக்குப் பின் அவர்களுள் 9 பேருக்கு அதே வைரஸ் மீண்டும் இடப்பட்டது. 6 பேருக்கு மீண்டும் தொற்று ஏற்பட்டது. ஆனால் எவருக்கும் தடுமன் தோன்றவில்லை. தொற்றைத் தடுக்கும் ஆற்றல் விரைவில் குன்றுகிறது, நோயைத் தணிக்கும் ஆற்றல் அதனினும் நீடிக்கிறது என்பதை இச்சிறு ஆய்வு காட்டியது. 2020இல் பெருந்தொற்றின்போது இயற்கை எதிர்ப்பாற்றலின் காலஅளவை மதிப்பிட முயன்றோர் இதனையே நாடினர்.

1991இல் கோஹென், டிரெல், ஸ்மித் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, சாலிஸ்பரிக்கு வந்த 394 பேரின் மனஅழுத்தத்தை வைரஸ் இடுவதற்கு முன்பே அளவிட்டிருந்தது. அழுத்தம் மிகுந்தோரிடம் தொற்றும் நோயும் படிப்படியாக மிகுந்தன. உடலின் நிலை என்னும் கூறு, குளிர் வழியாக அல்லாமல் மனத்தின் வழியாக மீண்டும் ஆய்வுக்குள் வந்தது.

பருவகாலம் என்னும் புதிர்

குளிர்காலத் தடுமன் என்னும் வழக்கு ஓரளவே பொருந்தும். மிதவெப்ப நாடுகளில் ரைனோவைரஸ், பள்ளிகள் திறக்கும் இலையுதிர்காலத் தொடக்கத்தில் உச்சமடைகிறது. இன்ஃப்ளுவென்சாவே நடுக்குளிர்காலத்துக்குரியது. 2007இல் லோவன் குழுவினர் கினிப்பன்றிகளைக் கொண்டு, குளிர்ந்த உலர்காற்றில் இன்ஃப்ளுவென்சா எளிதில் பரவுவதைக் காட்டினர். ஆனால் இவ்விளக்கத்தை வெப்பநாடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்தியாவில் நடந்த கண்காணிப்பின்படி, ஸ்ரீநகரில் இந்நோய் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சமடைகிறது. டெல்லி, புனே முதலிய இடங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், சென்னை, வேலூர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் மிகுகிறது. ஒருபுறம் உலர்குளிர், மறுபுறம் ஈரமழை. இரண்டிலும் மக்கள் கதவடைத்து ஒன்றாக உள்ளிருக்கின்றனர் என்பது பொதுக்கூறு. பிராங்க்ளினின் அடைத்த அறை இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது.

தடுப்பு முயற்சிகள்

1957இல் கண்டறியப்பட்ட இன்டர்ஃபெரான், தடுமனைத் தடுக்கும் என்னும் நம்பிக்கை சாலிஸ்பரியில் வலுப்பெற்றது. மிகு அளவில் மூக்கில் தெளித்தபோது அது ரைனோவைரஸைத் தடுத்தது உண்மையே. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தியோருக்கு மூக்கடைப்பும் இரத்தக்கசிவும் உண்டாயின. நோயின் அறிகுறிகளை ஒத்த தொல்லையை மருந்தே தருமாயின் அத்தடுப்பால் பயனில்லை. 1970இல் லைனஸ் பாலிங் பரப்பிய வைட்டமின் சி கொள்கையும் பின்வந்த ஆய்வுத் தொகுப்புகளில் தாக்குப்பிடிக்கவில்லை. அது பொதுமக்களிடையே நோயின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. நோய்க்காலத்தைச் சிறிதளவே சுருக்கியது.

பரவும் வழியை அடைப்பது மற்றொரு அணுகுமுறை. பின்னாளில் புவி ஓருயிர்த் தொகுதி என்னும் கருத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் லவ்லாக், இளம் அறிவியலராகச் சாலிஸ்பரியில் பணியாற்றி, ஒளிரும் சாயத்தின் துணையால் மூக்குச் சுரப்பு கைகளிலும் பொருள்களிலும் பரவும் விதத்தை ஆராய்ந்த குழுவில் இருந்தார். 1970களில் வர்ஜீனியாவின் குவால்ட்னியும் ஹென்ட்லியும் கைகள் வழியே ரைனோவைரஸ் பரவுவதை வலியுறுத்தினர். 1987இல் விஸ்கான்சினின் டிக் குழுவினர் இதனை மறுத்தாய்ந்தனர். நோயுற்றோருடன் பல மணிநேரம் சீட்டாடியவர்களுள் ஒரு பகுதியினர், முகத்தைத் தொட முடியாதவாறு கழுத்துப்பட்டையோ கைத்தடுப்போ அணிந்திருந்தனர். அவர்களுள் 18 பேரில் 10 பேரும், தடுப்பணியாத 18 பேரில் 12 பேரும் தொற்றுக்குள்ளாயினர். நோயுற்றோர் கையாண்ட அதே சீட்டுகளை மட்டும் பெற்று ஆடிய 12 பேருள் ஒருவருக்கும் தொற்றவில்லை. காற்றுவழிப் பரவலுக்கு இது வலிய சான்றாயினும், கைகழுவுதலைப் போல் எளிய அறிவுரையாக மாறத்தக்கதன்று. காற்றோட்டம் என்பது தனிமனிதர் கையில் இல்லை, கட்டடத்தையும் நிறுவனத்தையும் சார்ந்தது. 2020க்குப் பின் இதே விவாதம் உலகளவில் மீண்டும் நடந்தது.

முடிவுரை

1990இல் சாலிஸ்பரி நிலையம் மூடப்பட்டது. அதனைத் தோல்வியுற்ற முயற்சியாகக் கருதுவோர், தடுமனுக்கு மருந்து கிடைக்கவில்லை என்னும் ஓர் அளவுகோலையே கொள்கின்றனர். அங்கே நிறுவப்பட்டவற்றைத் தொகுத்து நோக்கின் மதிப்பீடு வேறாகும். நோய் ஒன்றன்று, பல, எதிர்ப்பாற்றல் நிலையானதன்று, கிருமியின்றிக் குளிர் நோய் தராது, கிருமி இருப்பினும் உடலும் மனமும் விளைவை மாற்றும் என்னும் நான்கும் அந்நிலையத்தின் கொடைகள்.

அதே வேளையில், எதிர்மறை முடிவுகளைப் படிக்கும் முறை குறித்தும் இவ்வரலாறு எச்சரிக்கிறது. சிறு குழுக்களில் வேறுபாடு காணப்படவில்லை என்னும் கூற்று, வேறுபாடே இல்லை என்னும் கூற்றாகப் பாடநூல்களில் மாறியது. நோயற்ற தன்னார்வலரிடம் பெற்ற விடை, கிருமிகளிடையே வாழும் மக்கள் அனைவருக்குமான விடையாகக் கொள்ளப்பட்டது. ஈரத் தலையோடு இராதே என்னும் வீட்டு வழக்கு காரணத்தைத் தவறாகக் கூறியிருக்கலாம். சூழலைத் தவறாகக் கவனித்ததாகக் கூற இன்னும் போதிய சான்றில்லை.

கொரோனாவைரஸின் வரலாறு மற்றொன்றை உணர்த்துகிறது. உயிர்க்கேடு விளைவிக்காத நோய் என்பதால் தடுமன் ஆய்வு இரண்டாம் நிலையினதாகவே மதிக்கப்பட்டது. ஆயினும் 2003இலும் 2020இலும் உலகம் எதிர்கொண்ட வைரஸ்களின் குடும்பத்தை முன்பே அடையாளங்கண்டு பெயரிட்டவர்களுள் சாலிஸ்பரி ஆய்வாளரும் இருந்தனர். சிறு நோயெனக் கருதி ஒதுக்கப்பட்ட ஒன்றைப் பற்றிய பொறுமையான அடிப்படை ஆய்வு, அதன் பயன் புலப்படாத காலத்திலேயே நடந்திருந்தது என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு.